பூஞ்சையின் நஞ்சும் உடம்பின் சீற்றமும்

ஒருவருக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று கேட்டால், நம் ஊரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அந்த ஆளைப் பற்றியதாகவே இருக்கும். வாயைக் கட்டவில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. 2021 கோடையில் என் மாமாவுக்குக் கறுப்புப் பூஞ்சை வந்தபோது இந்தப் பதிலைப் பலர் சொல்லக் கேட்டேன். கொரோனாவிலிருந்து தேறி வீட்டுக்கு வந்தவருக்குக் கன்னத்தில் வலி, பல் ஆடுவது போல ஓர் உணர்வு, அப்புறம் கண்ணுக்குக் கீழே வீக்கம். மேல்தாடையில் ஒரு பகுதியையும் வலது கண்ணையும் எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆம்போடெரிசின் ஊசி மருந்துக்காக ஊர் ஊராகப் போன் போட்டு அலைந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது. பிழைத்து வந்தவரைப் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "சுகரைக் கொஞ்சம் கவனிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். போகப் போக மாமாவும் அதையே நம்ப ஆரம்பித்துவிட்டார். "நானா வரவழைச்சுக்கிட்டதும்மா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சர்க்கரை நோய்க்கும் இந்தப் பூஞ்சைக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் அருணலோக் சக்ரபர்த்தியின் குழுவினர் கொரோனாவுக்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே இதை எழுதி வந்திருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தம் அமிலமாகும்போது, புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் இரும்பு விடுபடுகிறது. கறுப்புப் பூஞ்சை நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் ரைசோபஸ் பூஞ்சைக்கு இரும்பு என்றால் உயிர். அதோடு, ரத்தக்குழாயின் உட்சுவரில் இந்தப் பூஞ்சை ஒட்டிக்கொள்ளப் பயன்படும் ஒரு புரதமும் அப்போது கூடுதலாக வெளியே தெரிகிறது. ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்த அதே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையையும் ஏற்றியது, வெள்ளணுக்களின் கையையும் கட்டியது. எல்லாம் சரி. ஆனால் இந்த விளக்கம் முழுவதும் மனித உடம்பைப் பற்றியதாகவே இருக்கிறது. பூஞ்சை என்ன செய்தது என்று யாருமே கேட்கவில்லை. கதவு திறந்து கிடந்தது என்று சொல்கிறோமே தவிர, உள்ளே வந்தது எதைக் கையில் கொண்டுவந்தது என்பது பேச்சிலேயே வரவில்லை. ரைசோபஸின் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். பழைய ரொட்டியில் பூப்பது இதன் இனம்தான். கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். ஒருவருடைய கன்ன எலும்பு சில நாட்களில் கறுத்து உதிர்வதற்கு 'பலவீனம்' மட்டும் காரணமாகிவிடுமா?

நான் நுண்ணுயிரியல் படித்தவள், இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்திலும் பூஞ்சை என்றால் சமயம் பார்த்து வளரும் ஒரு மந்தமான உயிர்தான். பாக்டீரியாவுக்கு நச்சுகள் உண்டு: டிப்தீரியா, காலரா, டெட்டனஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். பூஞ்சைக்கு வந்தால் அஃப்ளடாக்சின் மட்டும்தான். அதுவும் பூஞ்சை பிடித்த கடலையையும் சோளத்தையும் தின்பதால் வரும் கேடு. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். அது கொடுமையான வரலாறு. ஆனால் அங்கே பூஞ்சை சோளத்தில்தான் வளர்ந்தது, மனிதருக்குள் வளரவில்லை. நமக்குள் வந்து வாழும்போது பூஞ்சை நஞ்சு சுரக்கிறதா, அந்த நஞ்சு நோயில் என்ன பங்கு வகிக்கிறது என்பது வேறு கேள்வி. மாமா வீட்டுக்கு வந்த பிறகு நான் தேடிப் படிக்கத் தொடங்கியது இந்தக் கேள்வியைத்தான்.

ஆமணக்கின் சாயல்

இந்தியாவில் இரண்டாம் அலை அடிப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2021-இன் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் அஷ்ரஃப் இப்ராஹிம் என்பவரின் ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதற்கான முதல் துப்பு அவர்களுக்குப் பல வருடங்கள் முன்பே கிடைத்திருந்தது. ரைசோபஸைக் கொன்ற பிறகும், அதன் செத்த உடல் ரத்தக்குழாய்ச் செல்களைச் சிதைத்தது. உயிருள்ள பூஞ்சை துளைத்துக்கொண்டு வளர்வதால் சேதம் வருகிறது என்றால் செத்தது எப்படிச் சேதப்படுத்தும்? உள்ளே ஏதோ ஒரு நச்சுப் பொருள் இருக்க வேண்டும். தேடிப் பிரித்தெடுத்ததில் கிடைத்த புரதத்துக்கு மியூக்கோரிசின் என்று பெயர் வைத்தார்கள். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் நச்சோடு அதற்கு அமைப்பிலும் செயலிலும் நெருங்கிய ஒற்றுமை.

ரிசினை நம் விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விளக்கெண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் ஆமணக்குப் புண்ணாக்கை யாரும் மாட்டுக்கு வைக்க மாட்டார்கள், வயலுக்குத்தான் உரமாகப் போடுவார்கள். எண்ணெயில் இறங்காத நஞ்சு புண்ணாக்கில் தங்கிவிடும். செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமை அது முடக்குகிறது. புரதம் நின்றால் செல் சாகும். மியூக்கோரிசினும் இதே வழியில் போகிறது. ரத்தக்குழாய்ச் சுவர் கசிகிறது, செல்கள் மடிகின்றன, குழாய்க்குள் ரத்தம் உறைகிறது, அதற்கு அப்பால் இருக்கும் திசுவுக்கு ரத்தம் போகாமல் கறுத்து அழுகுகிறது. சர்க்கரை நோயோடு ரத்தம் அமிலமாகிவிட்ட எலிகளில் சோதித்தபோது, இந்த நஞ்சைக் குறைவாகச் சுரக்கும்படி மாற்றிய பூஞ்சை குறைவான எலிகளையே கொன்றது. நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்த எலிகளும் கூடுதலாகப் பிழைத்தன. எலி பலவீனமாகவேதான் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. மாறியது நஞ்சின் அளவு ஒன்றுதான். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாமாவின் முகத்தில் நடந்தவற்றுள் ஒரு பெரும்பகுதிக்குப் பொறுப்பு அந்தப் பூஞ்சையுடையது என்று தாளில் எழுதியிருந்தது. அந்த வருடம் நாடு முழுக்க 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதே நோயில் விழுந்தார்கள், 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை வீடுகளிலும் இந்தப் பழிச்சொல் போய்ச் சேர்ந்திருக்கும்.

யாரைக் குறிவைக்கிறது என்பது முக்கியம்

இதோடு நிறுத்தியிருந்தால் பூஞ்சையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் திருப்தியாக இருந்திருப்பேன். ஆனால் அடுத்துப் படித்தது கிளியோடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சைப் பற்றி. அங்கே கதை சிக்கலாகிவிட்டது.

கிளியோடாக்சின் முதலில் மருத்துவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1930-களில் அமெரிக்காவில் பயிர் நோய் ஆராய்ந்தவர்கள், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை இன்னொரு பூஞ்சையைக் கொல்வதைப் பார்த்து, கொல்லும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம் கடலைக்காட்டில் வேரழுகலுக்குப் போடுகிறோமே டிரைக்கோடெர்மா, அதன் நெருங்கிய உறவுப் பூஞ்சை அது. பின்னாளில்தான் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற, நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையும் இதையே சுரக்கிறது என்று தெரிந்தது. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. கிருமியைக் கண்டால் முதலில் ஓடி வருவது அதுதான். வீரியமான ஆக்ஸிஜன் சேர்மங்களைக் கக்கிக் கிருமியைப் பொசுக்கும். அப்படிக் கக்கும் நொதியைக் கிளியோடாக்சின் தடுத்துவிடுகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைத் தாமாகவே சாகவும் தூண்டுகிறது.

அப்படியானால் இந்த நஞ்சைச் சுரக்க முடியாத பூஞ்சை நோயை உண்டாக்காது என்றுதானே எதிர்பார்ப்போம்? 2006 முதல் 2008 வரை பல ஆய்வகங்கள் நஞ்சைச் சுரக்கத் தேவையான மரபணுவைப் பூஞ்சையிலிருந்து நீக்கிப் பார்த்தன. சில ஆய்வகங்களில் வித்தியாசமே இல்லை, எலிகள் வழக்கம்போல் செத்தன. வேறு சிலவற்றில் எலிகள் பிழைத்தன. யாருடைய சோதனை தவறு என்ற கேள்விக்குப் பதில் எலிகளைத் தயார்படுத்திய விதத்தில் இருந்தது. வித்தியாசம் தெரியாத ஆய்வுகளில், எலிகளின் வெள்ளணுக்களையே மருந்து கொடுத்து அழித்திருந்தார்கள். வித்தியாசம் தெரிந்தவற்றில் எலிகளுக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்திருந்தார்கள், வெள்ளணுக்கள் மந்தமாக இருந்தாலும் இருந்தன. நஞ்சு குறிவைப்பது வெள்ளணுவை. வெள்ளணுவே இல்லாத உடம்பில் அந்த நஞ்சுக்கு வேலையில்லை.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு நஞ்சின் வலிமை நஞ்சுக்குள் மட்டும் இல்லை, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும் பொறுத்தது. 'எதிர்ப்புச் சக்தி குறைவு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குறைந்தவரும் ஸ்டீராய்டு எடுப்பவரும் நம் பேச்சில் ஒன்றுதான். பூஞ்சைக்கு இவர்கள் இரண்டு வேறு உலகங்கள்.

எதற்கென்றே தெரியாமல் கிடந்த ஒரு மரபணு

என் எண்ணத்தை முழுவதுமாகத் திருப்பியது கேண்டிடா என்ற பூஞ்சைதான். கேண்டிடா ஆல்பிகன்ஸ் நம்மில் பெரும்பாலோரின் வாயிலும் குடலிலும் இருக்கிறது. நோயே இல்லாமல் ஆயுள் முழுக்கக் கூடவே வாழ்கிறது. உருண்டையான ஈஸ்ட் வடிவத்தில் இருக்கும்போது சாது. நீண்ட இழைகளாக உருமாறும்போதுதான் திசுவுக்குள் புகுந்து சேதம் செய்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். உடம்பும் இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஈஸ்ட்டைக் கண்டால் சும்மா இருக்கும் வாயின் மேல்தோல் செல்கள், இழையைக் கண்டால் அபாயக் குரல் எழுப்புகின்றன. எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கின்றன என்பதுதான் பல காலமாகப் புதிராக இருந்தது.

கேண்டிடா இழையாக நீளும்போதெல்லாம் உச்சத்தில் இயங்கும் ஒரு மரபணுவை 1993-இலேயே அடையாளம் கண்டிருந்தார்கள். ஈசிஈ1 என்று பெயர். பூஞ்சை இழையாக மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகங்கள் எல்லாம் அதை ஓர் அடையாளக் குறியாகப் பயன்படுத்தின. ஆனால் அது எதற்காக இருக்கிறது என்று தெரியாது. அதை நீக்கினாலும் பூஞ்சை நன்றாகவே இழை விட்டது. அதனால் இருபது வருடங்களுக்கும் மேலாக அது ஒரு குறியாகவே இருந்தது.

2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜூலியன் நாக்லிக், ஜெர்மனியின் யேனா நகரத்தில் பெர்ன்ஹார்ட் ஹூபே ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் விடை வந்தது. ஈசிஈ1 நீக்கப்பட்ட பூஞ்சை இழை விட்டது, செல்லில் ஒட்டியது, உள்ளேயும் புகுந்தது. ஆனால் செல் சாகவில்லை. அபாயக் குரலும் எழவில்லை. புகுவது வேறு, சேதம் செய்வது வேறு என்று அந்த இடத்தில் பிரிந்துவிட்டது. அந்த மரபணு தரும் நீண்ட புரதத்தைப் பூஞ்சையின் சொந்த நொதி ஒன்று, கரும்பைக் கணுப் பார்த்துத் துண்டு போடுவது போல, எட்டுத் துண்டுகளாக வெட்டுகிறது. அவற்றில் மூன்றாவது துண்டு, வெறும் 31 அமினோ அமிலங்கள் கொண்டது, செல்லின் மேல்சவ்வில் போய்ப் பதிந்து ஓட்டை போடுகிறது. மனித உடம்பைத் தொற்றும் பூஞ்சையில் இப்படிச் செல்லைத் துளைக்கும் பெப்டைடு நஞ்சை முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். கேண்டிடாலைசின் என்று பெயரிட்டார்கள்.

என்னை அசைத்தது ஓட்டை போடுகிறது என்ற செய்தி மட்டும் இல்லை. வாயின் செல்கள் அபாயக் குரல் எழுப்பக் காரணமாக இருப்பதும் இதே துண்டுதான். குறைந்த அளவில் வந்தால் செல் சாகாது. சவ்வில் ஏற்படும் சின்னக் குலைவை உணர்ந்து, நியூட்ரோஃபில்களை அழைக்கும் சைட்டோகைன் என்ற தூதுப் பொருட்களைச் சுரக்கும். அளவு கூடும்போது செல் உடையும். அதாவது பூஞ்சை எதைக் கொண்டு தாக்குகிறதோ, அதைக் கொண்டே உடம்பு அதைக் கண்டுபிடிக்கிறது. இந்த நஞ்சு இல்லாவிட்டால் பூஞ்சையால் காயப்படுத்தவும் முடியாது, உடம்புக்கு விழிப்பும் வராது. நஞ்சு ஒரு பக்கம், எதிர்ப்புச் சக்தி மறுபக்கம் என்று நான் போட்டு வைத்திருந்த கோடு அன்றைக்கு அழிந்துவிட்டது. பல்லாயிரம் வருடங்களாகக் கூடவே வாழ்ந்ததில் இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்ட மொழி போல இருக்கிறது இந்தச் சின்னப் பெப்டைடு. 2025-இல் சூரிச் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. எலியின் வாயில் நோய் உண்டாக்காமல் சும்மா தங்கி வாழ்வதற்கும் கேண்டிடாவுக்கு இந்த நஞ்சு கொஞ்சம் வேண்டியிருக்கிறது. மேல்தோலில் காலூன்றும் அளவுக்கு மட்டும், அளந்து சுரக்கிறது. கூடினால் உடம்பு விரட்டிவிடும்.

ஒரே நஞ்சு, வேறு வேறு உறுப்பு

மூளையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்9 என்ற மரபணுக் குறையோடு பிறந்த சிலருக்குக் கேண்டிடா மூளைக்குள் புகுந்துவிடுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மிகைல் லயோனாக்கிஸின் குழு இதை ஆராய்ந்தது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, கேண்டிடாலைசினை உணர்ந்துதான் நியூட்ரோஃபில்களை வரவழைக்கின்றன. கார்ட்9 இல்லையென்றால் அந்த அழைப்பு போவதில்லை. இதில் விசேஷம் என்னவென்றால், நஞ்சு சுரக்க முடியாத கேண்டிடா எலியின் மூளையில் குறைவாக அல்ல, அதிகமாக வளர்ந்தது. நஞ்சு இல்லாததால் உடம்புக்குத் தகவலே போகவில்லை.

ரத்தத்தில் வேறு கதை. ரத்தத்தின் சாதாரணப் புரதமான ஆல்புமின் இந்த நஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது என்று 2021-இல் யேனா குழு காட்டியது. ஐசியுவில் ஆல்புமின் குறைந்த நோயாளிகளின் அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இது நினைவுக்கு வருகிறது.

ஆனால் நான் அதிகம் எழுத விரும்புவது, நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைப் பற்றி. பெண்ணுறுப்பில் வரும் கேண்டிடா தொற்று. அரிப்பு, எரிச்சல், தயிர் போல வெள்ளைப்படுதல். பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது. திரும்பத் திரும்ப வந்து அவதிப்படுபவர்கள் உலகில் ஆண்டுக்குப் 13 கோடிக்கும் மேல் என்று ஒரு கணக்கு. இவர்களில் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியமானவர்கள். சர்க்கரையும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் போனால், சுத்தமாக இருக்கிறாயா என்பதுதான் பல நேரம் முதல் கேள்வி. எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி கொடுக்க வரும் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் மெதுவாக, "அக்கா, ரெண்டு வேளை குளிக்கிறேங்க்கா, அப்படியும் வருதே" என்று கேட்டாள்.

எதிர்ப்புச் சக்தி குறைவு என்ற விளக்கம் இங்கே அடியோடு பொருந்தாது. நியூ ஆர்லியன்ஸில் பால் ஃபிடெல் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான பெண்கள் தாமாக முன்வந்து சம்மதித்து, உயிருள்ள கேண்டிடாவைச் செலுத்திக்கொண்டார்கள். சிலருக்கு மட்டும் நோய் அறிகுறி வந்தது. அவர்களிடம் நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தன. பூஞ்சை வளர்ந்தும் நியூட்ரோஃபில் வராதவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அரிப்பும் எரிச்சலும் பூஞ்சையின் எண்ணிக்கையால் வரவில்லை, உடம்பு காட்டிய சீற்றத்தால் வந்தன. அந்த நியூட்ரோஃபில்களை அழைத்தது எது என்பதற்குப் பின்னாளில் எலிகளில் கிடைத்த விடையும் கேண்டிடாலைசின்தான். வந்த வெள்ளணுக்கள் அந்த இடத்தில் பூஞ்சையைக் கொல்லத் திணறுகின்றன. கொல்ல முடியாமல் மேலும் மேலும் வந்து குவிந்து, திசுவைப் புண்ணாக்குகின்றன. வாயில் காவலாக இருக்கும் அதே அழைப்பு, இங்கே நோயாகவே ஆகிவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதைத்தான், கொஞ்சம் எளிமையாக: "உன் உடம்பு சோம்பிப் போகலைம்மா, அளவுக்கு மீறி சண்டை போடுது. சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கிறதை முதல்ல நிறுத்து, டாக்டர் கொடுக்கிற மருந்தை முழுசா முடி."

மருந்து என்று இப்போது நம்மிடம் இருப்பவை எல்லாம் பூஞ்சையைக் கொல்வதற்கோ அதன் வளர்ச்சியை நிறுத்துவதற்கோ ஆனவை. ஃப்ளூகோனசோல் கொடுக்கிறோம், போகிறது, மாத்திரை நின்றதும் பலருக்குத் திரும்ப வருகிறது. நஞ்சையோ அது கிளப்பும் அழற்சியையோ குறிவைத்து ஒரு மருந்துகூட இன்னும் கடைக்கு வரவில்லை. அந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். கேண்டிடா துத்தநாகத்தைத் தேடிச் சுரக்கும் பிஆர்ஏ1 என்ற இன்னொரு புரதமும் நியூட்ரோஃபில்களை இழுக்கிறது. துத்தநாகம் தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சை அதைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர், இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2023-இல், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த சில பெண்களுக்குத் துத்தநாகம் கலந்த களிம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில் நோய் திரும்பவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான், பெரிய அளவில் சோதித்துப் பார்த்த பிறகே எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். பூஞ்சையைக் கொல்லாமல், அதைச் சீண்டாத நிலையில் வைத்து, உடம்பின் சீற்றத்தை அடக்க முடியுமா என்று பார்க்கும் அந்தச் சோதனைகள் நம் நாட்டிலும் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.